பாலம் வந்தால் சொல்ல வேண்டும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் தலையில் தானாக முளைத்த கதை அல்ல. வேறொருவருக்குப் போக வேண்டிய கனவு ஒன்று வழி தவறி என்னிடம் வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் காலையில் எழுந்து சோயாப்பால் குடித்துவிட்டு அதை மறந்திருப்பார்கள். நான் எழுதிப் பிழைக்கிறவன், எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

கனவு இதுதான். கடலோரமாகத் தூண்களின் மேல் போகிறதே அந்த நெடுஞ்சாலை, அதன் ஓரத்தில் சுன் பெரியப்பா நிற்கிறார். காலில் வீட்டுச் செருப்பு. வண்டிகள் சத்தமே இல்லாமல் அவரைத் தாண்டிப் போகின்றன. என்னைப் பார்த்து, "தம்பி, இது பாலமா, ரோடா?" என்று கேட்கிறார். தெரியவில்லை என்கிறேன். "யாராவது சொன்னாத்தானே தாண்ட முடியும்," என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். அப்புறம் தடுப்புச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் விழித்துவிட்டேன்.

பெரியப்பா அப்போது உயிரோடு இல்லை. இறந்து மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. அவருக்கு ஒரு மகளும் ஒரு மகனும் இருக்கும்போது கனவு ஏன் எனக்கு வந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். எனக்கு அவர் உறவில்லை, ஊர் வழக்கத்தில்தான் பெரியப்பா; அவருடைய வீட்டு மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். முன்பு அவர் படுத்த கட்டிலில்தான் படுக்கிறேன். செத்தவர்கள் ஆளைப் பார்த்து வருவதில்லை, கட்டிலைப் பார்த்து வருகிறார்கள் என்று நினைக்கிறேன்.*

* இது வழக்கமெல்லாம் இல்லை, நானாகச் சொல்வது. இதில் எது எங்கள் ஊர் நம்பிக்கை, எது என் கைச்சரக்கு என்று அவ்வப்போது சொல்லிவிடப் பார்க்கிறேன். மறந்துபோனால் மன்னியுங்கள்.

2

தொடக்கம் ஒன்று: "கலங்கல் ஆற்றின் மேல் பனி இறங்கிய அந்த மாலையில், தந்தையின் ஆன்மாவைச் சுமந்தபடி ஒரு வேன் மெல்ல..."

வேண்டாம். அன்று பனியும் இல்லை, அது மாலையும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம், வேன்காரர் பசியில் வேகமாக ஓட்டினார்.

தொடக்கம் இரண்டு: "கிம்-துன் தூங்கிவிட்டான்."

இது நன்றாக இருக்கிறது. சின்னதாக, நேராக விஷயத்துக்கு வருகிறது. இதில் ஒரே குறை, இது உண்மையில்லை. இருந்தாலும் இதையே வைத்துக்கொண்டு போனேன், இரண்டு நாள்.

கிம்-துன் பெரியப்பாவின் மகன். பெரியப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். வெளியிடத்தில் இறந்தவரை வீட்டுக்கு அழைத்து வருவது மகன் வேலை. மூங்கில் கொம்பில் கட்டிய வெள்ளைத் துணி ஒரு கையில், புகையும் ஊதுவத்தி இன்னொரு கையில். வழியில் பாலம் வந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "அப்பா, பாலம் வருது, தாண்டி வாங்க." சொல்லாவிட்டால் செத்தவர் கரையிலேயே நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. செத்துப்போவது அவருக்கும் புதிதுதானே, வழி எப்படித் தெரியும்?

அந்த வேனில் கிம்-துன் சொல்லவில்லை. வேன்காரர்தான் இதைப் பிறகு வந்து சொன்னார். இவ்வளவுதான் கதையின் முடிச்சு. மற்றதெல்லாம் அவன் ஏன் சொல்லவில்லை, இனி சொல்வானா என்பதுதான்.

3

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிக்-ஹா அக்கா கீழே காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறாள். வெங்காயத்தாள் ரொட்டி, முட்டை தோசை மாதிரி ஒன்று, சோயாப்பால். ஊரே அவளிடம்தான் வாயைத் திறக்கும், சாப்பிடவும் பேசவும்.

அப்பா இறந்ததிலிருந்து தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் முகம் கழுவத் தண்ணீர், துவாலை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் வைத்து அவரை எழுப்புவாள். பிறகு சோறும் இரண்டு கறியும் வைப்பாள். கனவு வந்த மறுநாள் மதியம், நான் யாரிடமும் எதுவும் சொல்வதற்கு முன்பே, ஒரு கிண்ணத்தோடு மாடியேறி வந்தாள்.

"ஏம்ப்பா எழுத்தாளரே, இதத் தின்னு பாத்துச் சொல்லு. ருசி இருக்கா?"

சோறு, மேலே சோயா சாற்றில் வெந்த பன்றிக்கறி. தின்றேன். அருமையாக இருந்தது. அப்படியே சொன்னேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. படையல் சோற்றைச் செத்தவர் சாப்பிட்டுவிட்டால் அதில் ருசி போய்விடும், சப்பென்று இருக்கும். (இது ஊர் நம்பிக்கை, என் சரக்கில்லை.) ருசி அப்படியே இருந்தால் அவர் கை வைக்கவில்லை என்று அர்த்தம்.

"முதல் நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கு," என்றாள். "என் கைப்பக்குவம்னு நெனச்சு ஏமாந்துட்டேன்."

கீழே போய், சாமியிடமும் செத்தவரிடமும் குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் ஆமாம். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று கேட்டாள். இரண்டுமே மல்லாந்து விழுந்தன. அதற்குச் சிரிப்பு என்று பெயர், ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் சிரிப்பு. வராத மனுஷர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று நான் கேட்டேன். முறைத்தாள். பிறகு என் கனவைச் சொன்னேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள், அழவில்லை.

"எனக்கு ஏன் வரல அந்தக் கனவு?" என்று மட்டும் கேட்டாள்.

கட்டிலைப் பற்றிய என் கண்டுபிடிப்பு அந்த நேரத்தில் ரொம்ப அற்பமாகத் தெரிந்தது.

5

நான்காம் பகுதி எங்கே என்று தேடாதீர்கள். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிகளில் நான்காம் மாடி கிடையாது; எங்கள் பேச்சில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும், அந்த எண்ணுக்குச் சாவின் வாடை உண்டு. மூன்றுக்கு மேல் ஐந்துதான். பெரியப்பா இறந்ததும் அந்த 'ஐந்தில்'தான். பெயரை மாற்றி வைத்தால் மாடி ஏமாந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கதையிலும் அதையே செய்திருக்கிறேன்.

கிம்-துன் என் எழுத்தைப் படித்துவிட்டான். தப்பு என்னுடையது, தாள்களைக் கடை மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ரொட்டி எண்ணெய்க் கறையோடு அவற்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தான்.

அவனைப் பற்றி: கொசுவலைக் கதவும் ஜன்னலும் பழுது பார்ப்பவன். சின்ன லாரியில் ஊர் ஊராகப் போவான். கூரையில் ஒலிபெருக்கி, அதில் அவன் குரலே பதிவாகி ஓடும்: "கொசுவலை மாத்தணுமா, கண்ணாடி மாத்தணுமா, கதவு ரிப்பேரா..." அந்தக் குரல் வந்த பிறகுதான் லாரி தெருவுக்குள் வரும். நாளெல்லாம் கத்திப் பிழைக்கிறவனுக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை என்று எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவனைத் தச்சனாக மாற்றிப் பார்த்தேன், மீன் வளர்ப்பவனாக மாற்றிப் பார்த்தேன். ஆள் காணாமல் போய்விட்டான். அதனால் லாரியையும் ஒலிபெருக்கியையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"நான் தூங்கலண்ணே," என்றான்.

கதைக்காக எழுதினேன் என்றேன்.

"கதைன்னா என்ன வேணா எழுதுவீங்களா? அவரு கூட வர்றாரு. நான் தூங்குவேனா?"

அப்படியானால் என்ன ஆச்சு என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதில் என்னைச் சொக்க வைத்துவிட்டது. அந்த நெடுஞ்சாலை முழுக்கத் தூண் மேல் போகிறது. ஏறியதிலிருந்து இறங்குகிறவரை பாலம்தான். இரண்டு பக்கமும் சத்தம் தடுக்கும் சுவர் வேறு, ஆறு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று யாருக்குத் தெரியும்? எந்த இடத்தில் சொல்வது? வழியெல்லாம் கத்திக்கொண்டே வர வேண்டுமா?

என் கனவில் பெரியப்பா கேட்டதும் இதைத்தானே. (அவர் முதலில் கேட்டாரா, இவன் சொன்ன பிறகு நான் கனவைத் திருத்திக்கொண்டேனா? முதலில் கேட்டார் என்றுதான் ஞாபகம். ஆனாலும் எழுதுகிறவனின் ஞாபகத்தை ரொம்ப நம்பாதீர்கள்.) உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். நாடே ஒரே பாலமாகிவிட்ட பிறகு கரை என்பது எது, செத்தவர்கள் எதைத் தாண்டுவார்கள், பொறியாளர்கள் பாலம் கட்டும்போது ஆவிகளைக் கலந்து ஆலோசித்தார்களா என்றெல்லாம். நல்ல கட்டுரை. எழுதிய கை சூடு ஆறுவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

நெடுஞ்சாலைக்கு மேலே ஸ்கூட்டரை விட மாட்டார்கள், கீழே நின்று பார்த்தேன். ஆறு தொடங்கும் இடத்தில் பச்சைப் பலகை. அதில் ஆற்றின் பெயர், கிழவர்களுக்கும் தெரிகிற அளவில்.

கட்டுரையைக் கிழித்துவிட்டேன். கிம்-துன் என்னிடம் பேசிய அவ்வளவு நேரமும் ஒரு தடவைகூட 'அப்பா' என்று சொல்லவில்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்குப் பட்டது. 'அவரு' என்றான். அவ்வளவுதான்.

6

இனி வருவது பிக்-ஹா அக்கா மாவு பிசைந்துகொண்டே சொன்னது. கேட்கக் கேட்க, இதுதான் கதை, நான் இவ்வளவு நேரம் வாசலில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் சொந்தக் கூரையின் கீழ்தான் சாக வேண்டும். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றுமில்லை என்றால், இழுத்துக்கொண்டிருக்கிற மூச்சோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பு அம்மாவுக்கு அந்த நேரம் வந்தது. பெரியப்பா வண்டிகூடச் சொல்லிவிட்டார். கிம்-துன் குறுக்கே நின்றான். டாக்டர் இன்னொரு மருந்து இருக்கிறது என்கிறார், ஒரு நாள் பொறுங்கள் என்று கெஞ்சினான். பெரியப்பா பொறுத்தார். அந்த ஒரு நாள் முடிவதற்குள் அம்மா அங்கேயே போய்விட்டாள்.

அன்று வெள்ளைத் துணியைப் பிடிக்க வேண்டியவன் கிம்-துன். பெரியப்பா அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். மனைவிக்குப் புருஷன் இதைச் செய்வதில்லை, யார் சொல்லியும் கேட்கவில்லை. அப்போது இந்த உயர்ந்த சாலை இல்லை, பழைய பாலம்தான். அது நீளமான பாலம். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பெரியப்பா அவளைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வீடு வந்தபோது அவருக்குக் குரல் போயிருந்தது.

குரல் சில நாளில் திரும்பியது. மகனிடம் மட்டும் திரும்பவில்லை. வருஷப் பிறப்பு விருந்தில் மீன் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைப்பார், வாய் திறக்க மாட்டார். அவனும் மீனைத் தின்பான், வாய் திறக்க மாட்டான்.

அக்கா இதைச் சொல்லி முடித்தபோது கிம்-துன் சோயாப்பால் வாங்க வந்தான். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை, நேராகவே கேட்டுவிட்டாள், அன்று பாலத்தில் சொன்னாயா இல்லையா என்று.

"சொன்னேன்," என்றான். பிறகு, "மனசுக்குள்ள சொன்னேன்."

அக்கா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "மனசுக்குள்ள சொன்னா மனசுக்குள்ளதான் வருவாரு. வீட்டுக்கு எப்படிடா வருவாரு?"

யாரும் சிரிக்கவில்லை. கிம்-துன் பாலை வாங்காமலேயே போய்விட்டான்.

சடங்கு செய்யும் குருக்களிடம் அவள் போய்க் கேட்டு வந்தாள். மறுபடி போய் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அழைத்து வாருங்கள், ஆனால் ஏழாவது வாரம் முடிவதற்குள் செய்யுங்கள் என்றாராம். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே நிற்கிற பெயர் தெரியாத ஆவிகளின் கூட்டத்தோடு அவரும் ஒருவர், ஏழாம் மாதத்தில் ஊர் பொதுவாகப் போடுகிற சோற்றுக்குக் கையேந்தி நிற்பார். பிக்-ஹா அக்காவுக்கு அதை நினைக்கவே தாங்கவில்லை. மகளின் சமையலைத் தவிர வேறு எதையும் அவர் நல்லது என்று சொன்னதில்லை என்றாள்.

7

முடிவுகள். சில எழுதிப் பார்த்தேன்.

ஒலிபெருக்கி முடிவு. இது கிம்-துன் யோசனை. அந்த வாக்கியத்தைப் பதிவு செய்து, பாலம் வரும்போது ஓட விடுவது. என் குரல்தானே, வாய்விட்டுச் சொன்னதுதானே என்றான். பதிவு செய்ய மட்டும் எப்படி வாய் வருமாம் என்று அக்கா கேட்டாள். இருந்தாலும் கட்டைகளைப் போட்டுக் கேட்டார்கள். சிரிப்பு. ஒரு கட்டை உருண்டு போய் மேஜைக்கு அடியில் மல்லாந்து கிடந்தது. அது விழுந்து விழுந்து சிரிப்பது மாதிரி இருந்தது.

அக்கா முடிவு. அவளே துணியைப் பிடித்துக்கொண்டு போகிறாள், ஆறே அதிரக் கூப்பிடுகிறாள், மகள் பிடிக்கக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு ஆற்றோடு போகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு, பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கும். அவளிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "அன்னிக்கே நான் பிடிச்சிருந்தா இந்தப் பாடே இல்ல. ஆனா இப்ப நான் கூப்புட்டா வர மாட்டாரு. அவரு நிக்கிறதே அவன் வாயால கேக்கத்தான்."

அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது என் முடிவு. 'சுன் பெரியப்பா ஆற்றைத் தாண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்' என்று எழுதினேன். எழுதினால் முடிந்தது, எனக்கு என்ன கஷ்டம்? தாளைக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். பிக்-ஹா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நீ சொன்னது."

இத்தனை வருஷம் எழுதியதில் என்னை இப்படி ஒருவரும் மடக்கியதில்லை. மேலே வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு, கனவாவது வரட்டும் என்று பார்த்தேன். கனவும் வரவில்லை.

8

ஏழாவது வாரத்தில் ஒரு நாள், மதியம் தாண்டிய நேரம், கிம்-துன் மாடிப்படியில் நின்று என்னைக் கூப்பிட்டான். லாரியை ஓட்ட முடியுமா என்று கேட்டான். அவன் கையில் துணி இருக்கும், அக்காவுக்கு ஓட்டத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் ஊதுவத்தி ஏற்றினார்கள். நான் சாவியைத் திருப்பியதும் கூரையிலிருந்து "கொசுவலை மாத்தணுமா..." என்று அவன் குரல் கிளம்பியது. வாசல் காவலாளி திரும்பிப் பார்த்தார். கிம்-துன் பாய்ந்து அதை அணைத்தான். முன் இருக்கையில் நான், நடுவில் அக்கா, ஜன்னலோரம் அவன். உள்ளே முழுக்க ஊதுவத்திப் புகை.

சாலை பிரிகிற இடத்தில் நெடுஞ்சாலைக்கு ஏறத் திரும்பினேன்.

"கீழ போங்கண்ணே," என்றான்.

கனவில் அவர் மேலேதான் நின்றார் என்றேன்.

"அப்பாவுக்கு அந்த ரோடே தெரியாது," என்றாள் அக்கா. "ஆறுன்னா அவருக்குப் பழைய பாலந்தான். அங்கதான் நிப்பாரு."

என் கனவை ஒரே அடியில் அடித்துத் திருத்திவிட்டாள். கதையின் முதல் பகுதியையும் இப்போது மாற்ற வேண்டும். மாற்றப்போவதில்லை, இருக்கட்டும்.

குளிர்காலத்தில் அந்த ஆற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். வடக்கிலிருந்து காற்று வீசினால் அது எழுந்து வந்துவிடும். அன்று பாலத்தின் மறு முனையே தெரியவில்லை. எல்லாம் வெளிறிய மஞ்சள், வானம் எது ஆறு எது என்று சொல்ல முடியாது. பாலத்தின் வாயில் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். கிம்-துன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

[இங்கே ஒரு நீண்ட பத்தி இருந்தது. அவன் தொண்டையைப் பற்றி, ஏழு வருஷத்தைப் பற்றி. எடுத்துவிட்டேன்.]

"நிறுத்துங்க," என்றான்.

நிறுத்தினேன். துணியையும் ஊதுவத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். அக்காவும் இறங்கப் போனாள், பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துவிட்டாள். அவன் பாலத்தின் ஓரமாக, ஸ்கூட்டர்கள் போகும் பாதையில் நடக்க ஆரம்பித்தான். நான் விளக்கை மினுக்கவிட்டு அவன் பின்னால் லாரியை உருட்டினேன். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகும், காற்றில் அடித்துக்கொள்ளும் வெள்ளைத் துணியும்தான். காற்றின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை.

கிம்-துன் வேகமாக நடப்பவன். எதிலும் பொறுமை கிடையாது. முதலில் அப்படித்தான் போனான், தலையைக் குனிந்துகொண்டு, யாரோ துரத்துவது போல. கொஞ்ச தூரம் போனதும் நின்றான். அவன் தோள்கள் ஒரு தடவை ஏறி இறங்கின. பிறகு மறுபடி நடந்தான்.

"வண்டிய மெதுவா விடு," என்றாள் அக்கா.

மெதுவாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அவன்தான் மெதுவாகிவிட்டான். ஒரு அடி, சின்னதாக ஒரு நிறுத்தம், இன்னொரு அடி. தலை இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஊதுவத்தியை வலது கைக்கு மாற்றி, துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். இடது கை உடம்பிலிருந்து சற்று விலகி, முழங்கையில் மடங்கி, காற்றில் அப்படியே நின்றது.

"என்ன ஆச்சு அவனுக்கு?" என்றேன்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். "அவனுக்கு ஒண்ணுமில்ல. அப்பாவுக்குத்தான் முட்டி வலி."

பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. நான் வழிவிடவில்லை.

9

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததை எழுத மாட்டேன். கட்டைகள் எப்படி விழுந்தன, சோறு எப்படி இருந்தது என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். அக்கா கடை விடியற்காலையில் திறந்துவிடும், அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலத்தில் அவன் என்ன பேசினான் என்று கிம்-துன்னிடம் கேட்டேன். எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது. "அது எங்களுக்குள்ள," என்றான். கொசுவலை வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டான்.

எனக்கு இட்டுக்கட்டத் தெரியாமல் இல்லை. ஒரு மகன் அப்பாவிடம் சொல்லக்கூடியதை எத்தனையோ கதைகளில் எழுதியிருக்கிறேன், காசும் வாங்கியிருக்கிறேன். இந்த முறை உட்கார்ந்தேன், 'கிம்-துன் சொன்னான்' என்று எழுதினேன், நின்றுவிட்டேன். எதை எழுதினாலும் அது நான் சொன்னதாகத்தான் இருக்கும்.

அதனால் அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். பாலம் நீளமானது, நிறைய எழுதலாம்.

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

முதல் வார்த்தை உங்களுக்கே தெரியும். கண்ணால் மட்டும் படித்துக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் யாராவது இருந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லுங்கள்.